அத்தை தாண்டவிடுவதில்லை

எங்கள் வீட்டில் வேதவாசிப்பு சத்தமாகத்தான் நடக்கும். அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிப் பார்த்தோம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிற ஊர் என்பதால் பிரெயில் யோசனையும் வந்தது. ஆனால் அதே சர்க்கரை விரல் நுனியையும் மரத்துப்போக வைத்திருந்தது. கடைசியாகக் கைபேசியில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, "அவன் எங்கயும் நிக்கவே மாட்டேங்கான் பிள்ள, நீயே வாசி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படித்தான் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. காலையில் பால் காய்ச்சி முடித்ததும் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு, முக்காடு இட்டுக்கொண்டு, தயாராக இருப்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பார்கள்.

நான் கணக்கு டீச்சர். ஆகவே முதலில் கணக்கைப் போட்டேன். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்றால் வாரத்துக்கு 23. ஐம்பத்திரண்டு வாரத்தில் 1196 ஆகிவிடும், ஏழு அதிகாரம் கையிருப்பு. இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். வேறொரு முறையையும் முயன்றோம். ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர்ச் சபையின் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இல் தன் சபையாருக்காகப் போட்ட அட்டவணை அது. தினம் நான்கு இடங்களில் வாசிக்க வேண்டும். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடியும். ஜனவரி முதல் தேதியே ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் என்று நாலு திசைக்கும் போயாக வேண்டும். அத்தைக்கு அது ஒத்துவரவில்லை. "இப்பதானே உலகத்தையே உண்டாக்குனாரு, அதுக்குள்ள அப்போஸ்தலர்ல கொண்டு விடுதியே" என்றார்கள். சரி, ஆதியாகமத்திலிருந்து நேராகவே போவோம் என்று முடிவானது.

மெக்செயினிடம் எனக்குப் பிடித்தது அட்டவணை அல்ல, அதற்கு அவர் எழுதிய முன்னுரை. இந்த முறையில் என்னென்ன ஆபத்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறார்: வெறும் சடங்காகப் போகலாம், 'நான் வாசித்துவிட்டேன்' என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அதற்குப் பிறகுதான் நன்மைகள். அடுத்த வருடமே, முப்பது வயது ஆகுமுன், அந்த மனிதர் இறந்துபோனார். இப்போது செயலிகளில் 'தொடர்ந்து இத்தனை நாள்' என்று எண்ணிக்கை காட்டிக் கைதட்டுகிறார்களே, அவர்கள் அந்த முன்னுரையையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி மாதம் எண்ணாகமம் வந்தது. வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான மோசேயின் ஆகமங்களில் இதன் ஏழாம் அதிகாரத்தைப் போல நீளமான அதிகாரம் வேறு இல்லை, 89 வசனம். இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமான வாசஸ்தலம் பிரதிஷ்டையானபோது பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன். நூற்றுமுப்பது சேக்கல் நிறையில் வெள்ளித்தாலம், எழுபது சேக்கலில் வெள்ளிக்கலம், பத்துச் சேக்கலில் பொன் கரண்டி, அப்புறம் காளை, கடா, ஆட்டுக்குட்டி. இரண்டாம் நாள் வருகிறவரும் அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. மூன்றாம் நாளும் அதேதான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அத்தை, பன்னிரண்டு பேரும் ஒரே சாமான்தான் கொண்டுவாறாங்க. பேரை மட்டும் வாசிச்சிரட்டுமா?"

"அவன் கொண்டுவந்தத அவன் பேரோட வாசி. தாண்டாத."

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பட்டியல் வாசிப்பார்கள். இன்னார் நூறு ரூபாய், இன்னாரும் நூறு ரூபாய் என்று போய்க்கொண்டே இருக்கும். வெயிலில் பந்தல் ஓரம் நிற்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும். தன் பெயர் வரும்வரை காத்திருக்கிறவருக்கு அலுக்காது. அத்தைக்கு அது தெரிந்திருந்தது. நப்தலி கோத்திரத்து ஏனானின் குமாரன் அகீரா பன்னிரண்டாம் நாள் தன் தாலத்தோடு வந்து சேரும்வரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அன்றைக்கு முதல் பீரியடுக்குத் தாமதமாகத்தான் போனேன்.

மார்ச் மாதம் ரூத் புத்தகத்தின் கடைசி வசனங்களில் ஒரு வம்சவரலாறு. வாசித்துக்கொண்டே போகிறேன், "அம்மினதாப் நகசோனைப் பெற்றான்" என்று வருகிறது. கட்டிலிலிருந்து சத்தம்: "வெள்ளித்தாலம் கொண்டுவந்தவன்லா!" நகசோனின் மகன் சல்மோன், அவன் மகன் போவாஸ், அந்த வழியில் தாவீது. சிறு வயதிலிருந்து வேதம் வாசித்தும் இந்த நகசோன் என் கண்ணில் பட்டதே இல்லை. அத்தைக்கு அவன் தெரிந்த வீட்டுப் பிள்ளை.

விசுவாசம் வளர்ந்தது என்று சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வசனத்தைச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வசனம் என்னோடு பேசியது என்பார்கள். நான் அதைக் கேலி செய்யவில்லை, அப்படி நடப்பதுண்டு. ஆனால் என்னோடு பேசாத அதிகாரங்களையும் உட்கார்ந்து கேட்பதில்தான் எனக்கு வேறு ஏதோ நடந்தது. யோபு புத்தகம் வந்தபோது அது தெரிந்தது.

புது வருடத்து வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் ஒன்று: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. என் தம்பி கடை திறந்தபோது பெயர்ப்பலகைக்குக் கீழே இதைத்தான் எழுதி வைத்தான். கடை நிற்கவில்லை. பலகையைக் கழற்றி வீட்டு மாடியில் சாத்தி வைத்திருக்கிறான். மே மாதம் அந்த அதிகாரத்தை வாசித்தபோது அத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள். "இது உன் தம்பி கடை வசனம். யார் சொன்னது?"

"பில்தாத். யோபோட சிநேகிதர்."

"மேல இருந்து வாசி."

மேலே மூன்று வசனம் தள்ளி அந்தப் பில்தாத் சொல்வது என்ன? உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் தேவன் அவர்களை அதற்கு ஒப்புக்கொடுத்திருப்பார் என்கிற பேச்சு. பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம். அந்த மூச்சோடு மூச்சாகத்தான் 'முடிவு சம்பூரணமாயிருக்கும்' வருகிறது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டாம் அதிகாரம் வரை பொறுத்திருந்தார்கள். அங்கே கர்த்தர் அந்த மூன்று சிநேகிதர் மேலும் கோபம்கொண்டு, நீங்கள் என் தாசனாகிய யோபைப்போல் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். ஆனால் அடுத்த சில வசனங்களிலேயே யோபின் முடிவு நிஜமாகவே சம்பூரணம் ஆகிவிடுகிறது. வார்த்தை பலித்தது, சொன்ன ஆளுக்குத் திட்டு விழுந்தது. அட்டையில் இதையெல்லாம் அச்சடிக்க இடம் இல்லைதான்.

ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆயிற்று, மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம், ஐந்நூறு ஏர்மாடு ஆயிரம், ஐந்நூறு கழுதை ஆயிரம். கணக்கு டீச்சருக்கு அதை வாசிக்கச் சந்தோஷமாகவே இருந்தது. பிள்ளைகளோ முன்பும் ஏழு குமாரர் மூன்று குமாரத்திகள், பின்பும் அதே ஏழும் மூன்றும்.

"ஆட்ட ரெட்டிச்சுக் குடுத்தாரு. பிள்ளைய ரெட்டிக்கலியே" என்றார்கள் அத்தை.

முதல் பத்துப் பேரும் பரலோகத்தில் இருப்பதால் அதுவும் இரட்டிப்புத்தான் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். "சபை ஐயரும் அப்படித்தான் சொன்னாவ. இருக்கட்டும்" என்றார்கள். என் கணவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடை பழகுமுன் காய்ச்சலில் போய்விட்டது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. வேதாகமத்தின் முதல் பக்கத்தில் மாமா எழுதிவைத்த பிறந்தநாள் வரிசையில் அந்தப் பெயர் மட்டும் முதலாவதாக இருக்கிறது, பக்கத்தில் இரண்டு தேதி.

ஜூனில் எண்பத்தெட்டாம் சங்கீதம். புலம்பலாய் ஆரம்பிக்கிற மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. சிநேகிதனும் விலகி, அறிமுகமானவர்களும் மறைந்துபோய், அப்படியே நின்றுவிடுகிறது. மறுநாளும் அதையே வாசிக்கச் சொன்னார்கள். அன்றைய ஜெபத்தில் முதல் முறையாக அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி, ஏன் எடுத்தீர் என்று கேட்டார்கள். கோபமாகத்தான் கேட்டார்கள். ஆமென் சொல்லிவிட்டு, காபி கேட்டார்கள்.

அதற்குப் பிறகு என் ஜெபமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அழகாகச் சொல்ல வேண்டும் என்ற கவலை போய்விட்டது. துக்க வீட்டுக்குப் போனால் வசனம் சொல்வதில்லை. யோபின் சிநேகிதர்கள் வந்தவுடன் ஏழு நாள் ராவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். நானும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் தின வசனப் படங்களை யாருக்கும் அனுப்புவதை நிறுத்தியதில் சில சித்திமார்களுக்கு என்மேல் வருத்தம். தம்பியிடம் மட்டும் யோபு முழுவதையும் ஒரு தடவை வாசி என்றேன். வாசிக்கிறானா என்று கேட்கவில்லை.

இப்போது செப்டம்பர், எசேக்கியேல் நாற்பதாம் அதிகாரம். ஆலயத்தை அளக்கிற அளவுகள்: வாசல் இத்தனை கோல், மண்டபம் இத்தனை முழம், அடுத்த வாசல், அடுத்த அளவு. எண்ணாகமத்தைவிட மோசம் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. அளக்கிறவன் கையிலிருக்கும் கோல் ஆறு முழம். அந்த முழம் சாதாரணக் கைமுழத்தைவிட நாலு விரற்கடை அதிகம். மதிலின் அகலம் ஒரு கோல், உயரம் ஒரு கோல்.

"அடிக்கணக்குல சொல்லு."

"கோல் ஏறக்குறைய பத்தடி வரும் அத்தை."

"பத்தடி ஒசரம் சரி. பத்தடி அகலத்துல யாரும் மதில் எழுப்புவாங்களா?" மாமா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர்கள். அத்தை கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்கள். "உங்க மாமா இருந்தா செங்கல் எத்தனைன்னு இந்நேரம் சொல்லியிருப்பாவ. நீ கணக்கு டீச்சர்தானே, சாயந்தரம் வந்து போட்டுச் சொல்லு. இப்ப அடுத்த வாசலை வாசி."