மூணு தடவ சிங்க்

நம்ம காலேஜ் கம்ப்யூட்டர் லேப் சார் இறந்து போயிட்டார்னு பேட்ச் குரூப்ல மெசேஜ் வந்தப்ப இங்க டல்லாஸ்ல ராத்திரி ரெண்டு மணி, அப்புறம் தூக்கமே வரல. சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதுங்கன்னு கேட்டாங்க. அவரத் தவிர வேற எதையும் எழுத மனசு வரல.

செருப்ப வாசல்ல விட்டுட்டு அந்த ஏசி ரூமுக்குள்ள நுழையறது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1988, 286 சிப் போட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதுல திரையும் கீபோர்டுமா நாலு டெர்மினல், ஜீனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம். மைக்ரோசாஃப்ட் ஏடி அண்ட் டி கம்பெனிகிட்ட அவங்களோட யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு லைசன்ஸ் வாங்கியும் அந்தப் பேர வைக்க உரிமை கிடைக்கல, அதனாலதான் 1980ல ஜீனிக்ஸ்னு வேற பேர்ல வந்துச்சுன்னு சார் சொல்லித்தான் தெரியும். அதுக்கு முந்தின 8086 சிப்ல ஒருத்தன் ப்ரோக்ராம் இன்னொருத்தன் மெமரியில கைவெச்சா தடுக்க ஆளில்ல, 286லதான் அந்தக் காவல் சிப்புக்குள்ளயே வந்துச்சுன்னு போர்டுல கட்டம் கட்டமா போட்டுக் காட்டுவார்.

ஃபைனல் இயர்ல ஒருநாள், டெர்மினல் அசையலன்னு நான் பெட்டியோட சுவிட்சயே அணைச்சுட்டேன். எட்டு பேரோட ப்ராஜெக்ட் அதுல. சார் கத்தல. "நீ அடிச்சதெல்லாம் டிஸ்க்குக்குப் போயிடுச்சுன்னு யாருப்பா சொன்னது? பாதி இன்னும் மெமரி பஃபர்லதான் இருந்துச்சு"ன்னார். எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, மெமரியில இருக்கறத டிஸ்க்குக்கு அனுப்பற கமாண்ட, என்னை போர்டுல சிங்க், சிங்க், சிங்க்னு மூணு தடவ எழுதச் சொன்னார். ரெண்டாவது சிங்க்லயே சாக்பீஸ் ஒடிஞ்சுது. யாரும் சிரிக்கல, அதுதான் தாங்க முடியல.

அன்னைக்கு ராத்திரி அவர் வீட்டுக்குப் போகல. டிஸ்க்க சரிபாக்கற எஃப்எஸ்சிகே ப்ரோக்ராம ஓட்டினார், ஃபைலெல்லாம் இருந்த டைரக்டரி, அதாவது ஃபோல்டர், போச்சு, யூனிக்ஸ்ல ஃபைலோட பேர் டைரக்டரிலதான இருக்கும், அதனால எல்லாம் வெறும் நம்பரா லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுங்கற டைரக்டரில கிடந்துச்சு. எல்லாருக்கும் ஒரே லாகின் வேற, அதனால எது யாரோடதுன்னும் தெரியல. ஒவ்வொண்ணையும் திறந்து படிச்சு, "ப்ரோக்ராம்ல பிரேஸ் பிராக்கெட்ட அடுத்த வரியில போடறவன் யாரு, இது அவனோடது"ன்னு ஆள் ஆளா பிரிச்சார். நான் பக்கத்துல நின்னு பேர் மாத்தினேன். விடியறதுக்குள்ள எட்டும் கிடைச்சுது.

ரிசல்ட் வந்ததும், "ரெண்டு வருஷம் இங்கயே லேப்ல இரேன், பசங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்"னு கேட்டார். பாக்கறேன் சார்னேன், ஆனா அப்பவே அமெரிக்காவுக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தேன், அத அவர்கிட்ட சொல்லல. 1990ல வந்து இறங்கினேன். முதல் வேலையே எஸ்சிஓ கம்பெனியோட ஜீனிக்ஸ்ல, இன்டர்வியூல கேட்டது எஃப்எஸ்சிகே பத்தி. அத அவருக்கு ஒரு லெட்டர்ல எழுதணும்னு நெனச்சேன், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, எழுதவே இல்ல.

அந்த ராத்திரி ஒரே ஒரு ஃபைல் மட்டும் யாரோடதுன்னு தெரியல. அழிச்சிரவா சார்னு கேட்டேன். "வேணாம், யாராச்சும் தேடிட்டு வருவாங்க"ன்னார். டிசி வாங்கப் போன அன்னைக்கு லாகின் பண்ணிப் பாத்தேன், அது அங்கேயேதான் இருந்துச்சு.