அப்பாவுக்காக அந்தோனியாரிட்ட போன செவ்வாய்

அப்பா ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் அம்மா கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில நேத்தி வச்சவா, அவர் எழும்பி வீட்ட வந்தா பதின்மூண்டு செவ்வாயும் வந்து ஏழைகளுக்குப் பாண் குடுக்கிறன் எண்டு. அப்பா வரேல்ல. ஆனா அம்மா நேத்தியை விடேல்ல, கேட்டது கிடைக்கேல்ல எண்டதுக்காக சந்நிதியில சொன்ன சொல்லை மாத்தலாமோ எண்டு கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல. கடைசிச் செவ்வாய்க்கு நீயும் வா எண்டு கூப்பிட்டா, போனன், ஆனா மனசு சரியில்லாமத்தான் போனன்.

அப்பா சைவம். அம்மாவைக் கலியாணம் கட்டியும் ஞானஸ்நானம் எடுக்கேல்ல, வீட்டில ஒருத்தரும் வற்புறுத்தவும் இல்ல. வெள்ளிக்கிழமை பொன்னம்பலவாணேசர் சிவன் கோவில், செவ்வாய்க்கிழமை அம்மாவோட அந்தோனியார், ரெண்டும் கொச்சிக்கடைதானே, அவருக்கு அதில ஒரு குழப்பமும் இருந்ததில்ல. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தோனியார் கோவிலைத் திருத்தி ஜூன் 12ஆம் தேதி திரும்பத் திறந்தாங்கள்தானே, அந்தக் காலம் எத்தினையோ கத்தோலிக்க ஆக்களே பயந்துகொண்டு இருந்தவை, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். பயந்தா பிறகென்ன கும்பிடுறது எண்டார்.

செத்தவீட்டுக்கு வந்த ஒரு செபக்கூட்டத்து அக்கா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதழுது சொன்னா, ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாமலே போயிட்டாரே, நீங்களாவது இரட்சிப்பைக் காத்துக்கொள்ளுங்கோ எண்டு. மாற்கு 16:16ஐயும் எடுத்து வாசிச்சா. அவ கெட்ட மனசோட சொல்லேல்ல, அதாலதான் இன்னும் நொந்தது. நம்பாதவைக்குத் தண்டனை எண்டு பைபிளில இருக்குத்தானே, என்னால இல்லை எண்டு சொல்லவும் ஏலாது. அண்டையில இருந்து பூசைக்குப் போனா, எல்லாரும் சேர்ந்து 'நம்புகிறேன்' எண்டு சொல்லுற விசுவாசப் பிரமாணம் சொல்ல வாய் வராது. அப்பா இல்லாத மோட்சத்துக்கு நான் எதுக்குப் போகணும் எண்டு ஆண்டவரிட்டயே கோவமாக் கேட்டிருக்கிறன். ராத்திரியில நித்திரை இல்ல.

சரி, வெள்ளவத்தையில இருந்து பஸ்ஸில புறக்கோட்டை, அங்க இருந்து த்ரீவீல். மீட்டர் வேலை செய்யாதாம், செவ்வாய்க்கிழமை ரேட்டாம், கோவிலுக்குப் போற சனத்திட்டயே இப்படிக் கறக்கிறது என்ன நியாயமோ தெரியாது. இறங்கினா மெழுகுதிரி விக்கிறவை, பூ விக்கிறவை கையில திணிக்கினம், வேண்டாம் எண்டாலும் பின்னால வருகினம். வாசலில பையைத் திறந்து காட்டி, வெயிலுக்க லைனில நிண்டு உள்ள போறதுக்குள்ள அம்மாவுக்குக் கால் வீங்கிட்டுது. ஒரு இடத்தில இருங்கோ எண்டா கேட்டாத்தானே.

கண்ணாடிக்குள்ள இருக்கிற அந்தோனியாரின்ர சுருவத்துக்கிட்ட, சிலைக்கிட்ட, வர எனக்கு முன்னால நெத்தியில விபூதி, குங்குமத்தோட ஒரு அக்கா, இடுப்பில வருத்தக்காரப் பிள்ளை. கண்ணாடியில பிள்ளையின்ர கையை வச்சு, தன்ர நெத்தியையும் வச்சுக்கொண்டு நிண்டவ நகரவே இல்ல. பின்னால வெள்ளைச் சாரியில ஒரு சிங்கள அம்மா. ஒருத்தரும் அவவைத் தள்ளேல்ல. அந்தோனியாரின்ர நாக்கின்ர ஒரு சின்னத் துண்டு இருக்கிற கோவில் இது, அவர் செத்தது 1231இல, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த நாக்கு எங்களுக்காகக் கதைக்குது எண்டுதான் அப்பா சொல்லுவார். என்ர முறை வந்தது, எனக்கு ஒரு செபமும் வரேல்ல. "நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" எண்டு மாற்கு 9இல அந்தப் பிள்ளையின்ர தகப்பன் கத்தினது மட்டும் வந்தது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னன், கண்ணீர் நிக்கேல்ல.

பக்கத்தில அம்மா. வீங்கின காலோட, அப்பாவின்ர பேரை மெதுவாச் சொல்லிச் சொல்லிச் செபிச்சுக்கொண்டு நிக்கிறா. அந்த நேரம்தான் மாற்கு 2ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. முடக்குவாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவினம், சனம் கூட உள்ள போக ஏலாம கூரையைப் பிரிச்சுக் கட்டிலை இறக்குவினம். ஆண்டவர் "அவர்களுடைய நம்பிக்கையை"க் கண்டுதான் அவனைப் பார்த்து உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன எண்டார். தூக்கிக்கொண்டு வந்தவையின்ர நம்பிக்கை! கட்டிலில கிடந்தவன் வாய் திறந்து ஒண்டும் சொன்னதா அங்க எழுதவே இல்ல. எத்தினை தரம் வாசிச்சிருக்கிறன், அண்டைக்குத்தான் அது கண்ணில பட்டது. அம்மா இவ்வளவு செவ்வாயும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறா.

பாவசங்கீர்த்தனத்தில ஃபாதரிட்ட எல்லாத்தையும் கொட்டினன். அவர் ஏசேல்ல. 1964இல, உலகத்து ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றின ஏட்டில சொன்னதைச் சொன்னார், தன்ர குற்றமில்லாம நற்செய்தியை அறியாதவை, நேர்மையான மனசோட கடவுளைத் தேடி, மனச்சாட்சி சொன்னபடி நடந்தா அவையும் மீட்படையலாம் எண்டு. நான் விடேல்ல, அப்பா அறியாதவர் இல்லையே ஃபாதர், கோவிலுக்கே வந்தவர்தானே எண்டன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, ஒருத்தரின்ர உள்மனசில என்ன நடந்தது எண்டு தீர்ப்புச் சொல்லுற வேலையை ஆண்டவர் உங்களுக்கும் தரேல்ல, அந்த அக்காவுக்கும் தரேல்ல, நீங்க அவருக்காகச் செபியுங்கோ எண்டார். முழுசாத் தீர்ந்துபோச்சு எண்டு சொன்னா அது பொய். ஆனா நெஞ்சில இருந்த பாரம் இறங்கினது உண்மை.

வெளியில வந்து பாண் குடுத்தம். வாங்கின ஒரு ஐயா யாருக்காக எண்டு கேட்டார், அம்மா அப்பாவின்ர பேரைச் சொன்னா, அவரும் நெத்தியில சிலுவை போட்டார்.

அந்தோனியாரே, நாங்கள் கேட்டதை நீங்க தரேல்ல, ஆனாலும் உங்களுக்குக் கோடி நன்றி. எனக்குத் திரும்பச் செபிக்க வருது, அண்டு ராத்திரி நித்திரையும் வந்தது. அடுத்த ஞாயிறு விசுவாசப் பிரமாணத்தை முழுக்கச் சொன்னன். அம்மா இப்ப ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குப் போகணும் எண்டு தொடங்கிட்டா, இந்த முறை அவ கூப்பிட முந்தியே நான் வாறன் எண்டுட்டன். வாசிக்கிற நீங்களும் அப்பாவுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கோ.