தும்மலுக்கு டிக்கெட்

இன்று பேருந்தில் மகள் தும்மினாள். "தும்ம டிக்கெட் வாங்கிட்டியா?" என்றேன்.

ஒரு நொடி விழித்தாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வங்கத்துச் சுகுமார் ராயின் பாட்டு ஒன்றில் வருவது அது. சிவபெருமானின் சொந்த ஊரில் சட்டங்கள் படுமோசமாம். வழுக்கி விழுந்தால் பிடித்துப்போய் 21 ரூபாய் அபராதம் போடுவார்கள். மாலை ஆறு மணிக்கு முன் தும்ம டிக்கெட் வேண்டும்.

டிக்கெட் இல்லையா? முதுகில் அடி, மூக்கில் பொடி, 21 தடவை தும்மியே ஆக வேண்டும்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் பிள்ளைகளுக்காக எழுதியது இது. சட்டத்தையும் பார்த்துச் சிரிக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். நாமோ குழந்தைப் பாட்டு என்றாலே பெரும்பாலும் புத்தி சொல்லத்தான் உட்காருகிறோம்.

இந்தப் பாட்டு உள்ள 'ஆபோல் தாபோல்' தொகுப்பை அவர் காலா அசார் நோயில் படுத்துக்கொண்டே தயார் செய்தார். 1923 செப்டம்பர் 10 அன்று இறந்தபோது வயது 35. மகன் சத்யஜித்துக்கு இரண்டு வயது. புத்தகம் ஒன்பது நாள் கழித்து வந்தது.

சாகக் கிடந்தவர் குழந்தைகளுக்கு விட்டுப்போனது இந்தச் சிரிப்பை.

இறங்கும்வரை மகள் வேண்டுமென்றே மூன்று தடவை தும்மினாள். ஒவ்வொரு தடவையும் பேருந்துச் சீட்டை நீட்டிக் காட்டினாள்.