புகைக்கூடத்தில் ஜாஸ்: சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை மாலை

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து மின்ரயிலில் தெற்கே வரும்போது, புக்கிட் மேரா ஏரியையும் தைப்பிங்கையும் தாண்டி, 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள பெராபிட் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியேறினால், கோலகங்சார் வந்துவிடும். அதை அடுத்து வருவது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோலகங்சாரிலேயே இறங்கிவிடுகிறார்கள். அரண்மனையும் பள்ளிவாசலும் அங்கே இருக்கின்றன. 1877-இல் நடப்பட்ட முதல் ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக அங்கே நிற்கிறது. சுங்கை சிப்புட்டில் இறங்குகிறவர்களோ உறவினர் வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகிறவர்கள். ஜாஸ் கேட்பதற்காக இந்த நிலையத்தில் இறங்குகிறேன் என்று சொன்னபோது, பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஈப்போவுக்குப் போக வேண்டியவர் முன்னாடியே இறங்குகிறீர்களோ தம்பி" என்று அக்கறையோடு கேட்டார்.

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. இந்த ஊர் வரலாற்றில் இடம்பெற்றதெல்லாம் வேறு காரணங்களுக்காக. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. அவருடைய முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை 1954 முதல் இங்கே நடந்து வருகிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா என்னும் ரப்பர்க் காடு; இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப்பனையான செம்பனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்து, ஈப்போவின் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள்.

நிகழ்ச்சி நடந்த இடம் ஒரு பழைய தோட்டத்துப் புகைக்கூடம். அதை வாங்கிச் சீர்செய்து, தோட்ட வாழ்க்கை சார்ந்த ஓவியங்களையும் நிழற்படங்களையும் வைத்து ஒரு சிறு கலை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அறுபது பேர் வந்தாலே மூச்சு முட்டும் இடம் என்பதால் அந்த வேண்டுகோளை மதிக்கிறேன்.

புகைக்கூடத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து சேகரித்து வந்த ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளை இயந்திரத்தில் விட்டு வரிவரியாகத் தகடாக்கி, அந்தத் தகடுகளை மூங்கில் கழிகளில் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, 50 முதல் 60 பாகை வெப்பத்தில் சில நாட்கள் புகையில் உலர்த்துவார்கள். அதற்காகவே கூடத்தை உயரமாகவும் சன்னல் இல்லாமலும் பலகையால் கட்டினார்கள். எத்தனையோ ஆண்டுப் புகை ஏறிய பலகைகள் கருந்தேன் நிறத்தில் இருக்கின்றன. கழிகளைத் தாங்கிய குறுக்குச் சட்டங்களை அகற்றாமல் விட்டு, ஓவியங்களை அவற்றிலிருந்தே கம்பியில் தொங்கவிட்டிருப்பது நல்ல யோசனை. சிமெண்டுச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி காதைக் குத்தும். இந்தப் பழைய பலகைகள் ஒலியின் கூர்மையை வாங்கிக்கொண்டு மிச்சத்தை மட்டும் திருப்பித் தருகின்றன. எந்தப் பொறியாளரும் திட்டமிடாத இசைக்கூடம் அது.

அருங்காட்சியகத்தில் ஜாஸ் என்பது புதிய வழக்கம் அல்ல. வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்துச் சிற்பத் தோட்டத்தில் கோடைக்கால வெள்ளிக்கிழமைகளில் ஜாஸ் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கலை அருங்காட்சியகத்திலும் வெள்ளிக்கிழமை மாலைகளில் கட்டணமின்றிக் கேட்கலாம். ஆனால் அவை திறந்தவெளியில், ஓவியங்களுக்குப் புறத்தே நடப்பவை. இங்கே செய்தது வேறு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்படாத மூன்று நிகழ்ச்சிகள், மூன்று ஓவியங்களின் முன்னால். நாற்காலி கிடையாது. ஒன்று முடிந்ததும் பார்வையாளர்களும் கலைஞர்களும் அடுத்த ஓவியத்துக்கு நகர வேண்டும். நின்றுகொண்டே கேட்கிற மனிதனால் ஒரு படத்தையும் ஒரு குரலையும் ஒரு வாத்தியத்தையும் சேர்த்துக் கவனிக்கக்கூடிய நேரம் அவ்வளவுதான் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு. என் கால்களும் அதை ஒப்புக்கொண்டன.

ஈப்போவிலிருந்து வந்த நால்வர் குழு: சாக்சபோன், கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ். கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்துத் தாமான்களிலிருந்து வந்த தமிழர்கள். சாக்சபோனைக் கண்டதும் எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஒருவர், "இது நம்ம கத்ரி வாசிச்சது" என்று பேத்தியிடம் அடையாளம் காட்டினார். அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற அந்த வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய கத்ரி கோபால்நாத் 2019-இல் மறைந்துவிட்டாலும், நம்மவர்களுக்கு அது இன்னும் அவருடைய வாத்தியம்தான். ஜாஸ் அந்நியம், சாக்சபோன் சொந்தம் என்ற அந்தக் கூட்டத்தின் நிலைமை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் நிகழ்ச்சி சரிப்படவில்லை. விடியலில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தைக் காட்டும் பெரிய எண்ணெய்வண்ண ஓவியத்தின் முன்னால், ஓர் இளம் எழுத்தாளர் தம் சிறுகதையின் ஒரு பகுதியைப் படிக்க, நால்வரும் பின்னால் வாசித்தார்கள். கதை நன்றாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாதிதான் காதில் விழுந்தது. ஆண்குரலும் டெனர் சாக்சபோனும் ஏறத்தாழ ஒரே ஒலி எல்லையில் இயங்குபவை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் தோற்பது குரலாகத்தான் இருக்கும். வாக்கியத்தின் முடிவில் வரும் வினைமுற்று சாக்சபோனுக்குள் போய்விட்டால், யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாமல் போகிறது. இசையைப் படிப்புக்குப் பின்னணியாக வைப்பது இரண்டுக்குமே அவமரியாதை என்று எனக்குத் தோன்றியது. இசைக்கிறவர்கள் அடக்கி வாசித்துச் சலித்தார்கள், படித்தவர் குரலை உயர்த்திச் சலித்தார்.

இரண்டாவதில் அந்தக் குறை தீர்ந்தது. அங்கே இருந்தது செம்பனைத் தோட்டத்தை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த ஓவியம்: பச்சைக் கட்டங்கள், அவற்றை வெட்டும் செம்மண் தடங்கள். ஏற்பாட்டாளர் தம் முன்னுரையில் மோந்திரியானைக் குறிப்பிட்டார். 1940-இல் நியூயார்க் வந்து சேர்ந்த அந்த டச்சு ஓவியர் அங்கே கேட்ட பூகி-வூகி என்னும் துள்ளல் பியானோ இசையில் மயங்கி, மஞ்சள் கோடுகளும் சிவப்பு, நீலச் சதுரங்களும் துள்ளும் ஒரு படத்தை 1942-43-இல் வரைந்தார். நகரத் தெருக்கட்டத்தில் அவர் தாளத்தைக் கண்டார் என்றால், தோட்டத்து நிரைகளிலும் தாளம் உண்டு என்றார் ஏற்பாட்டாளர். கொஞ்சம் மிகை என்றே அப்போது நினைத்தேன்.

ஆனால் அடுத்து வந்தது அவர் சொன்னதை நிரூபித்துவிட்டது. தோட்டத்துக் கணக்கரான ஒரு முன்னாள் கிராணியின் மகள், தொழிலாளர் வருகைப் பதிவேடான பழைய செக்ரோலின் பக்கம் ஒன்றின் அமைப்பிலேயே தாம் எழுதிய கவிதையைப் படித்தார். பெயர், வருகை, அவ்வளவுதான். "காளியம்மா, முழு நாள். முனியன், முழு நாள். பாப்பாத்தி, அரை நாள். முனியன், முழு நாள். காளியம்மா, வரவில்லை." டபுள் பேஸ் மட்டும் நடைபோடும் சுரங்களில் கூடவே வந்தது, அந்தத் தாழ்ந்த ஒலி பெண்குரலின் வழியில் குறுக்கிடவேயில்லை. டிரம்ஸ் வாசித்தவர் பிரஷ்களால் தோலை உரசிக்கொண்டிருந்தார், "வரவில்லை" என்ற சொல் வரும்போதெல்லாம் அந்த அடியை மட்டும் விட்டுவிட்டார். தாளத்தில் விழுந்த அந்தப் பள்ளத்தில் கேட்பவரின் கால் ஒவ்வொரு முறையும் இடறியது. கடைசிப் பக்கங்களில் "வரவில்லை" அடுத்தடுத்து வந்தபோது இசை ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. ஏன் வரவில்லை என்று கவிதை சொல்லவில்லை; கூட்டத்தில் இருந்த மூத்தவர்கள் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பேராக் மழை இறங்கினால் பேச்சுக்கே இடமில்லை. கலைஞர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு கோப்பி குடித்தார்கள். ஈரம் ஏறியதும் பலகைகளிலிருந்து புகைவாடை மெல்லக் கிளம்பியது. அது பழைய புகைத் தகட்டின் வாடை என்று அங்கே பலர் மூக்கைத் தூக்கிச் சொன்னார்கள். பேஸ் வாசித்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கவிதையும் ஜாஸும் சேர்வது பழைய கதை என்றார் அவர். லாங்ஸ்டன் ஹியூஸ் 1958-இல் தம் கவிதைகளைப் படித்துப் பதிவு செய்தபோது ஒரு பகுதிக்கு இசை தந்தவர் சார்லஸ் மிங்கஸ், அவரும் பேஸ் வாசிப்பவர்தான் என்பதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

மூன்றாவது நிகழ்ச்சிக்கு, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டும் பெண்ணைத் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றி வரைந்த பாத்திக் ஓவியம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், பன்னிரண்டு அளவைகள் கொண்ட புளூஸ் அமைப்புக்கு ஏற்பத் தாமே கட்டிய பாட்டைப் பாடினார். அந்த அமைப்பில் முதல் வரியைச் சொல்லி, அதையே மறுபடி சொல்லி, மூன்றாம் வரியில் பதிலோ திருப்பமோ தருவார்கள். ஒவ்வொரு வரியின் பிற்பாதியும் வாத்தியம் பதில் சொல்வதற்காகக் காலியாக இருக்கும்.

"நெத்தி விளக்கக் கட்டிக்கிட்டு நிரைக்குள்ள போனேனே,
நெத்தி விளக்கக் கட்டிக்கிட்டு நிரைக்குள்ள போனேனே,
விடிஞ்சு நிமிந்து பாத்தாக்க மரமெல்லாம் செம்பனையே!"

ஒவ்வொரு வரிக்கும் சாக்சபோன் பதில் சொன்னது. மூன்றாவது பத்தியிலிருந்து கூட்டமும் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, கற்றுக்கொடுக்கவும் இல்லை. முன்வரியை ஒருவர் எடுக்க, பின்வரியை மற்றவர்கள் வாங்கிக்கொள்வது கும்மியிலும் தெம்மாங்கிலும் ஊறியவர்களுக்குத் தன்னால் வருவது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்த கறுப்பின மக்கள் வயலில் ஒருவர் கூவ மற்றவர்கள் ஏற்றுப் பாடிய பாட்டுகளிலிருந்துதான் புளூஸும், அதன் வழியே ஜாஸும் கிளைத்தன என்று இசை வரலாற்றில் படித்திருக்கிறோம். நம்மவர்களின் கதை வேறு. ஆள் திரட்டிய கங்காணிகளின் பேச்சை நம்பியும் பஞ்சத்துக்கு அஞ்சியும் கப்பலேறியவர்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது தவறு. ஆயினும், ஒரு நாளின் வேலையை ஒருவர் குரலால் மட்டும் தாங்க முடியாது என்ற அறிவு இரு தோட்டங்களிலும் ஒரே பாட்டு வடிவத்தை எடுத்திருக்கிறது. நகரத்து அரங்குகளில் ஜாஸ் கேட்கும்போது கைதட்டுவதற்கு எங்கே இடம் என்று தயங்கும் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே தயக்கம் இல்லை.

முடிந்த பிறகு வாசலில் ஒரு வாக்குவாதம். அடுத்த முறை உருமி மேளத்தையும் சேர்க்க வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவருக்கும் ஆசைதான். ஏற்பாட்டாளர் ஒப்பவில்லை. உருமி வந்தால் அது சாமி அழைப்பாகிவிடும், ஓவியத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். இதில் என் ஆதரவு இளைஞர்களுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: அதைக் கூடத்துக்கு வெளியே, பெரட்டு நடந்த பழைய திடலில் வைக்க வேண்டும். பலகைக் கூடத்துக்குள் உருமியை அடித்தால் படங்கள் கம்பியோடு கீழே வந்துவிடும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம் இல்லை, வாடகை வண்டியைத் திரும்புவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்வது நல்லது. ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால் இரவு அங்கே தங்கலாம். உள்ளே மின்விசிறி குறைவு, பருத்தி ஆடையே போதும். மழைக்காலத்தில் போனால் நிகழ்ச்சி நீளும். கோப்பிக்குக் காசு வாங்குவதில்லை.