குமண, கல்லோயா, ஒரு ஜீப்காரர்

அறுகம்பையில் ஜீப் பிடிக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

குமண தேசியப் பூங்காவுக்கு அரை நாள் ஓட்டம், நானும் மச்சானும் இரண்டே பேர். அறுகம்பையில் ஒரு ஜீப் சாரதி கேட்டது 25,000 ரூபாய். ஆங்கிலத்தில்தான் பேச்சைத் தொடங்கினார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மாறியதே தவிர விலை இறங்கவில்லை. "சீசன் அண்ணன், வெள்ளைக்காரங்க பேரம் பேசாமலே தாறாங்க" என்று நியாயம் வேறு. மச்சான் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப அவங்களையே ஏத்துங்க தம்பி" என்று நடையைக் கட்டினான். பொத்துவில் ஊருக்குள் வந்து ஒரு தேத்தண்ணிக் கடையில் விசாரித்தோம். அடுத்த நாள் போக இருந்த அக்கரைப்பற்று ஆசிரியர் குடும்பம் ஒன்று எங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆளுக்கு 4,000 ரூபாயோடு முடிந்தது.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் வந்த பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்முனையில் ஆள் சேரும் வரை நிறுத்தியே வைத்திருந்தார்கள். மூச்சு முட்டும் சூடு, காதைப் பிளக்கும் பாட்டு. திருக்கோவில் தாண்டிய பிறகுதான் கால் நீட்ட இடம் கிடைத்தது.

குமணவா கல்லோயாவா, எந்தப் பூங்காவுக்குப் போவது என்ற சண்டை வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. மச்சான் கல்லோயாக் கட்சி. இரண்டிலுமே யால மாதிரி ஒரு சிறுத்தைக்கு இருபது ஜீப் முண்டியடிக்கும் கூத்து இல்லை. கல்லோயாவில் விசேஷம் படகுதான். இங்கினியாகலயில் ஏறினால் சேனநாயக்க சமுத்திரத்தின் நடுவே போகலாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களுக்குப் பாயும் தண்ணீர் இந்தக் குளத்துடையது. அதன் நீரேந்து பகுதியைக் காப்பாற்றத்தான் 1954இல் பூங்காவே அமைத்தார்கள். தண்ணீர் வற்றும் மாதங்களில் கரையில் புல் முளைக்கும், யானைகள் இறங்கும், சில நேரம் தீவுக்குத் தீவு நீந்தும். போன வருஷம் நான் போனபோது தூரத்தில் நாலு முதுகு தெரிந்தது, அவ்வளவுதான். படகுக் காசு இரண்டு பேர் தலையில் விழுந்தால் வலிக்கும். அங்கே சேர்ந்துகொள்ள ஆளும் லேசில் கிடைக்காது. ஆளில்லாத காட்டைத் தேடிப் போனால் செலவைப் பங்கு போடவும் ஆள் இருக்காதுதானே!

குமணவுக்கு விடியற்காலையில் புறப்பட்டோம். பாணமை தாண்டியதும் தார் ரோடு முடிந்து, செம்மண் புழுதி வாய்க்குள் போகத் தொடங்கியது. உகந்தையில் முருகனுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் எங்கள் சாரதி வண்டியை எடுத்தார். அவர் நல்ல மனிதர், பறவை கண்டால் சொல்லாமலே எஞ்சினை நிறுத்துவார். ஆடிவேலுக்குக் கதிர்காமம் நடப்பவர்களும் இந்தக் காட்டுக்குள்ளால்தான் போகிறார்கள். என் பெரியம்மா நடந்த காலத்தில் இதற்கு யால கிழக்கு என்று பெயர். யுத்தத்தால் 1985இல் மூடிய பூங்காவை 2003இல்தான் மறுபடி திறந்தார்கள். குமண என்ற பெயர் 2006இல் வந்தது.

வில்லு என்பது பறவைகள் கூடு கட்டும் சதுப்புக் குளம். அதைப் பார்ப்பதற்கு முன்பே மணம் வந்துவிட்டது. எச்சமும் அழுகிய மீனும் கலந்த ஒரு நெடி. ஆசிரியரின் சின்ன மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுக்கவே மறந்துவிட்டாள். கண்டல் மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்க, கிளைக்குக் கிளை கூடு. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று வந்து இறங்கியது. மூன்று குஞ்சுகளும் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கத்தின. அது குனிந்து கூட்டுக்குள்ளேயே மீனைக் கக்கியது, வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்த மீன். கீழே முதலை ஒன்று அசையாமல் கிடந்தது. குஞ்சு தவறி விழுந்தால் அதற்குச் சாப்பாடு என்றார் சாரதி. கரண்டிவாயன், நீர்க்காகம், கூழைக்கடா என்று எண்ண ஆரம்பித்து நானே விட்டுவிட்டேன். கும்புக்கன் ஓயா என்ற ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் வழியே தண்ணீர் வருவதால்தான் இந்த வில்லு உயிரோடு இருக்கிறது. நாங்கள் நின்ற நேரம் முழுக்க வேறு ஜீப் ஒன்றுதான் வந்தது!

இனி வாதமே இல்லை, முதலில் குமணதான். யானை வருவதும் வராததும் அதன் இஷ்டம். சித்திரை தொடக்கம் ஆடி வரையில் கூடு கட்டும் பறவை எங்கேயும் ஓடிவிடாது. கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லை. வேறு மாதம் என்றால் நான் காசைச் சேர்த்து வைப்பேன். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, படகுக்கு ஆறு பேர் சேர்த்துக் காட்டுகிறேன் என்கிறான். சேர்த்தால் வருகிறேன், பங்கு ஆறில் ஒன்றுக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன்.

திரும்பி வந்து பொத்துவிலில் சாப்பிட்டதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பலகை வாங்கு போட்ட சின்னக் கடை. குழல் புட்டு, பாரை மீன் குழம்பு, கடைசியில் சட்டித் தயிர். குழம்பில் கொறுக்காய்ப்புளி தூக்கலாக இருந்தது. மச்சான் மூன்றாம் முறை புட்டுக் கேட்டபோது கடைக்கார அம்மா, "காட்டுக்குள்ள ஒண்டும் தரல்லையா மகன்?" என்றார்.

போகிறவர்கள் தண்ணீரும் சாப்பாடும் பொத்துவிலிலேயே கட்டிக்கொள்ளுங்கள். திருவிழா இல்லாத நாட்களில் உகந்தையில் கடையை நம்பிப் போக முடியாது. ஜீப்புக்கு எங்கே கேட்க வேண்டும் என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.