தொடர் எண் வராமல் பணம் கொடுக்காதீர்கள்: கார்பன் கிரெடிட் வாங்கிய அனுபவம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சுற்றுச்சூழல் கணக்குகளைக் கவனிப்பது என் வேலை. எங்களால் குறைக்க முடியாத உமிழ்வுக்குக் கார்பன் கிரெடிட் வாங்கிக் காட்டும்படி ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். வேறோரிடத்தில் ஒரு டன் கரியமில வாயு உமிழ்வு குறைந்தது என்பதற்கான சான்றுதான் ஒரு கிரெடிட். மின்கட்டணம், டீசல், பாய்லர் எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டு உமிழ்வைக் கணக்கிட்டது சிரமமின்றி முடிந்தது. கிரெடிட் விற்கும் முகவரிடம் போன பிறகுதான் தொல்லை தொடங்கியது.

முதலில் அவர் காட்டியது தென்மாவட்டக் காற்றாலைக் கிரெடிட்கள். விலை மிகவும் குறைவு. ஆனால் கிரெடிட் விற்ற பணம் வந்திராவிட்டால் நடந்தே இருக்காத ஒரு டன் குறைப்பு என்றால்தான் அதற்கு மதிப்பு. விரைவுத் தேய்மான வரிச்சலுகைக்காகவும் சொந்த மின்தேவைக்காகவும் நம் பக்கத்து நூற்பாலைகள் தொண்ணூறுகளிலிருந்தே காற்றாலை நிறுவி வருவது இங்கே எல்லோருக்கும் தெரியும். கிரெடிட் காசு இல்லாமலும் அவற்றில் பெரும்பாலானவை சுழன்றிருக்கும். சட்டக் கட்டாயமின்றி நிறுவனங்கள் தாமாகக் கிரெடிட் வாங்கும் தன்னார்வ கார்பன் சந்தையின் தரத்தை வரையறுக்கும் சர்வதேச நேர்மைக் குழுவும் (ICVCM) இதே காரணத்தைச் சொல்லி, புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கிரெடிட்களுக்கான அப்போதைய கணக்கீட்டு முறைகளுக்குத் தன் தரமுத்திரையை 2024 ஆகஸ்டில் மறுத்துவிட்டது. இதைச் சொன்னபோது, "எல்லாரும் இதைத்தானே மேடம் வாங்குறாங்க?" என்றார் முகவர்.

அடுத்து வந்தது புகை குறைந்த விறகடுப்புத் திட்டம். இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள் உண்மையான குறைப்பைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கிரெடிட் பெற்றிருந்தது தெரியவந்தது. கொடுத்த அடுப்பை எத்தனை வீட்டில், எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை மிகைப்படுத்திக் கணக்கிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஊர்களை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். கண்காணிப்பு அறிக்கையே போதும் என்று முகவர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்ததால், கிரெடிட்களைத் தொடர் எண்ணோடு பதிந்து வைக்கும் இணையப் பதிவேட்டில் எவரும் படிக்கக் கிடைக்கும் திட்ட ஆவணத்திலிருந்து ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு அந்தியூர்ப் பக்கம் நானே போனேன்.

நான் நுழைந்த முதல் வீட்டில் அடுப்பு பரண்மேல் இருந்தது. கேஸ் தீர்ந்தால் வாசலில் மூன்று கல் கூட்டித்தான் சமையல். அந்த வீட்டு அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார். முழுக்க ஆங்கிலம். இந்த அடுப்பால் உண்டாகும் கார்பன் உரிமை அனைத்தையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். கீழே அவருடைய கைநாட்டு. "இலவச அடுப்புன்னாங்க கண்ணு, ஆதார் நகல் கேட்டாங்க, கொடுத்தோம்," என்றார். அந்த அடுப்பின் பெயரால் யாரோ ஒருவர் காசு பார்க்கிறார் என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. விறகைக் குறைப்பதாகக் கணக்கில் காட்டப்படுபவர் அவர், புகையைத் தின்றதும் அவர். விற்ற பணத்தில் மட்டும் அவருக்குப் பங்கில்லை என்றால் அதை நியாயம் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தத் திட்டத்தை விட்டுவிட்டோம்.

கடைசியில் சாண எரிவாயுக் கலன் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். குடும்பங்களுடன் செய்த ஒப்பந்தம் அவர்கள் மொழியிலேயே இருந்தது. வருவாயில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்றும் அதில் எழுதியிருந்தது. விலை காற்றாலைக் கிரெடிட்டைப் போல் பல மடங்கு. திட்டமிட்டதைவிடக் குறைந்த டன்களே வாங்க முடிந்தது.

அங்கும் முகவர் விடவில்லை. பாதிப் பணம் கொடுத்ததும் தங்க நிறப் பட்டையுடன் ஒரு சான்றிதழை அனுப்பினார். அதில் தொடர் எண் இல்லை. பலமுறை கேட்ட பிறகு எண்கள் வந்தன. பதிவேட்டில் தேடினால், மறுபடி விற்க முடியாதபடி கிரெடிட்களை முடித்து வைத்திருந்தது உண்மைதான், ஆனால் பயனாளி இடத்தில் முகவர் நிறுவனத்தின் பெயரே இருந்தது. மொத்தமாகச் செய்தால் அப்படித்தான் வரும் என்றார். அதே டன்களை நாளை வேறொருவருக்கும் காட்டலாம் என்பதால் மீதிப் பணத்தை நிறுத்தி வைத்தேன். பிறகு வேறு கிரெடிட்களை எங்கள் நிறுவனத்தின் பெயரிலும், எந்த ஆண்டின் உமிழ்வுக்கு என்ற குறிப்போடும் முடித்துக் கொடுத்தார். பதிவேட்டுப் பக்கத்தில் எங்கள் பெயரைப் பார்த்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வாங்கப் போகிறவர்கள் தொடர் எண், குறைப்பு நடந்த ஆண்டு, பயனாளி பெயர் ஆகிய மூன்றும் பதிவேட்டில் தெரிந்த பிறகே முழுப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆடையில் 'கார்பன் சமன்' என்று அச்சிட வேண்டாம் என்று எங்கள் நிர்வாகத்திடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். கிரெடிட் வாங்கி உமிழ்வை ஈடுசெய்வதை மட்டும் வைத்துப் பொருள்களை அப்படி விளம்பரப்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 நுகர்வோர் விதி தடை செய்கிறது. அது 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும். வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் எங்கள் முழு உமிழ்வை ஒரு வரியிலும், வாங்கிய கிரெடிட்டை அதிலிருந்து கழிக்காமல் தனி வரியிலும் காட்டினோம். அவர்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள்.