கதவைத் திறந்ததும் பறந்த தாள்

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. வாசல் கதவைத் திறந்தார்கள். நேர் எதிரே பால்கனிக் கதவும் திறந்திருந்தது. மேசையில் இருந்த மின்கட்டணத் தாள் பறந்து ஓடியது.

சீனர்களின் வாஸ்து முறையான ஃபெங் சுயியில் இதற்கு 'சுவான்டாங் ஷா' என்று பெயர். உள்ளே வரும் 'ச்சி' என்ற உயிராற்றல் கூடத்தில் தங்காமல் நேராக வெளியேறிவிடுகிறது என்பார்கள்.

சிரிக்கும் புத்தர் பொம்மை வைத்தால் இது தீராது. நடுவில் தடுப்பு வேண்டும்.

கண்மட்டத்தைத் தாண்டிய உயரம், கதவைவிடச் சற்று அகலம். பின்பலகை இல்லாத அலமாரி என்றால் வெளிச்சமும் வரும். நடக்க 3 அடி விடுங்கள். முழங்கால் உயரத் தொட்டிச்செடி காற்றையும் தடுக்காது, பார்வையையும் தடுக்காது. வாசலுக்கு நேரே கண்ணாடி வேண்டவே வேண்டாம். வருவதைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது கணக்கு.

படுக்கையறையில் கட்டில்தான் எல்லாம். தலைமாடு கெட்டிச் சுவரை ஒட்டி இருக்கட்டும், ஜன்னலுக்கு அடியில் வேண்டாம். படுத்தபடியே கதவு தெரிய வேண்டும். ஆனால் கால் கதவுக்கு நேராக நீளக் கூடாது. பிணத்தை வெளியே எடுக்கும் நிலை அது என்று சீனர்கள் தவிர்ப்பார்கள்.

யார் வருகிறார்கள் என்று தெரியாத இடத்தில் உடம்பு தூங்கினாலும் காது தூங்குவதில்லை.

அலமாரிக் கண்ணாடியில் கட்டில் தெரிந்தால் இரவில் துணி போட்டு மூடுங்கள். மேலே உத்தரம் போனால் கட்டிலை நகர்த்துங்கள், ஓரடியானாலும் சரி.